மலாயாப் பல்கலைக்கழகம்: சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஸ்பிஎம் (ஐந்தாம் படிவம்), எஸ்டிபிஎம் (ஆறாம் படிவம்) தேர்வு முடிவுகள் வந்ததும் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருந்து பெற்றோரும் பிள்ளைகளும் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பமான யூபியுவுக்கு உதவி கேட்டு வருவார்கள். மலாயாப் பல்கலைக்கழகம் என்ற பேச்சு வந்தால் ஆண்டுதோறும் அதே சந்தேகங்கள்தாம். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் அங்கே இந்திய ஆய்வியல் துறையில் படித்து ஆசிரியரானவள். "அதெல்லாம் நமக்கு எட்டுமா டீச்சர்" என்றுதான் பலர் பேச்சையே தொடங்குகிறார்கள். அந்தத் தயக்கம் போகட்டும் என்றுதான் விண்ணப்பத்தோடு வரலாற்றையும் சேர்த்து எழுதுகிறேன். விதிகள் அவ்வப்போது மாறும். விண்ணப்பிக்கும் ஆண்டில் யூபியு தளத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

யூஎம், யூஎம்னு சொல்றாங்களே, அது எங்க இருக்கு? கவர்மெண்டா, பிரைவேட்டா?

யூஎம் என்பது மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுருக்கப் பெயர். அரசுப் பல்கலைக்கழகம். கோலாலம்பூரில் லெம்பா பந்தாய் பகுதியில், பெட்டாலிங் ஜெயாவை ஒட்டி, பெரிய வளாகத்தில் இருக்கிறது. மக்கள் வரிப்பணத்தில் நடப்பது. நம் தோட்டத்து உழைப்பும் அந்தப் பணத்தில் சேர்த்தி.

இங்கிருந்து போவது சுலபம். சுங்கை சிப்புட் நிலையத்தில் ஈடிஎஸ் ரயிலேறி கேஎல் சென்ட்ரலில் இறங்கி, கிளானா ஜெயா வழித்தட எல்ஆர்டியில் நான்காவது நிறுத்தம். நிறுத்தத்தின் பெயரே யுனிவர்சிட்டிதான். அங்கிருந்து பேருந்து வளாகத்துக்குள் போகும்.

எப்ப ஆரம்பிச்சாங்க? ஒருத்தர் 1905ங்கிறார், ஒருத்தர் 1949ங்கிறார், இன்னொருத்தர் 1962ங்கிறார்.

மூவர் சொல்வதும் சரி. 1905இல் சிங்கப்பூரில் ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. டான் ஜியாக் கிம் என்ற சீன வணிகர் தலைமையில் மக்கள் 87,077 வெள்ளி திரட்டிக் கொடுத்த பிறகே ஆங்கிலேய அரசு அதைத் திறந்தது. பின்னாளில் அதற்கு ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரி என்று பெயர். 1928இல் அதே ஊரில் ராஃபிள்ஸ் கல்லூரி வந்தது. கலையும் அறிவியலும் அங்கே படிக்கலாம். போருக்குப் பிறகு கார்-சாண்டர்ஸ் ஆணையம் இரண்டையும் இணைத்து ஒரே பல்கலைக்கழகம் ஆக்கலாம் என்றது. 1949 அக்டோபர் 8ஆம் நாள் மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்தது. பின்னாளில் பிரதமரான டாக்டர் மகாதீர் 1947இல் சேர்ந்தது அந்த மருத்துவக் கல்லூரியில். 1953இல் பட்டம் வாங்கியது மலாயாப் பல்கலைக்கழகத்தில். இடையில் கல்லூரி பல்கலைக்கழகமாகிவிட்டது.

நம் ஊர்க் கணக்கில் வைத்துப் பாருங்கள். 1948 ஜூனில் இங்கே தோட்டத்துரைகள் மூவர் சுட்டுக்கொல்லப்பட்டு அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு பல்கலைக்கழகம். ஒரு பக்கம் முள்வேலியும் ஊரடங்கும், இன்னொரு பக்கம் சுதந்திர நாட்டுக்கு வேண்டிய மருத்துவர்களையும் அதிகாரிகளையும் உருவாக்கும் வேலை.

மலாயா 1957இல் சுதந்திரம் பெற்றதும், தன் தலைநகரில் ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. 1959இல் சிங்கப்பூர்ப் பிரிவு, கோலாலம்பூர்ப் பிரிவு என்று இரண்டானது. 1962 ஜனவரி 1 முதல் கோலாலம்பூர்ப் பிரிவு தனிப் பல்கலைக்கழகமானது. முதல் வேந்தர் நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான். முதல் துணைவேந்தர் கணிதப் பேராசிரியர் அலெக்சாண்டர் ஓப்பன்ஹைம்.

அப்படின்னா சிங்கப்பூர்ல இருக்கிறதுதான் ஒரிஜினலா?

இரண்டுக்கும் ஒரே வேர். சிங்கப்பூர்ப் பிரிவு 1962இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகமாகி, 1980இல் நன்யாங் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இன்றைய சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் ஆனது. பழைய கட்டடங்கள் அவர்களிடம், பெயர் நம்மிடம். இரண்டுமே 1905ஐத் தொடக்கமாகக் கொண்டு 2005இல் நூற்றாண்டு கொண்டாடின. இதில் சண்டைக்கு இடமில்லை.

தேசியப் பல்கலைக்கழகம்னா யூகேஎம்தானே? நீங்க யூஎம்மைச் சொல்றீங்க?

யூகேஎம் எனப்படும் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் 1970இல் மலாய்மொழி வழிக் கல்விக்காகத் தொடங்கப்பட்ட வேறொரு பல்கலைக்கழகம். விண்ணப்பத்தில் இரண்டின் குறியீடுகளும் வேறு. பிள்ளைகள் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள், பார்த்துச் செய்யுங்கள்.

எங்க தாத்தா காலத்துல தோட்டத்துலேருந்து யாரும் அங்க போகலையே, ஏன்?

வழியே இல்லை, அதுதான் காரணம். 1923 தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும். நடத்தினார்கள். பல இடங்களில் ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர். அந்தப் பள்ளி தொடக்கக் கல்வியோடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க டவுனில் உள்ள ஆங்கிலப் பள்ளிக்குப் போக வேண்டும். பஸ் காசும் பள்ளிக் கட்டணமும் பால்மரம் வெட்டிய கூலியில் கட்டுப்படியாகாது. பல்கலைக்கழகத்தில் அப்போது எல்லாமே ஆங்கிலம். பிள்ளைக்கு மூளை இல்லாமல் நின்றுபோன படிப்பு அல்ல அது. பாதையே ஆறாம் வகுப்பில் முடிந்திருந்தது.

வசதி இருந்தவர்களுக்கும் 1949க்கு முன்னால் சிங்கப்பூரில் அந்த இரண்டு கல்லூரிகள்தாம். நம் ஊர்க்காரரும் பின்னாளில் அமைச்சரானவருமான துன் வீ. தி. சம்பந்தன் பட்டப்படிப்புக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போனார். திரும்பி வந்து அவர் செய்த வேலைகளில் இங்கே மகாத்மா காந்தி கலாசாலையை எழுப்பியதும் ஒன்று. 1954இல் விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்துவைத்தார். 1960இல் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்பதை எதிர்த்து தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தையும் தொடங்கினார். நிலமும் பள்ளியும் இருந்தால் பிள்ளைகள் மேலே வருவார்கள் என்ற கணக்கு அவருடையது. அந்தப் பள்ளியிலிருந்து போனவர்கள் இன்று எத்தனையோ துறைகளில் இருக்கிறார்கள்.

இந்திய ஆய்வியல் துறைன்னு ஒண்ணு இருக்காமே, அது கவர்மெண்டா கொடுத்ததா?

இதற்கு மட்டும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1950களில் பல்கலைக்கழகம் இந்திய ஆய்வுக்கு ஒரு துறை தொடங்க நினைத்தபோது, அங்கே முதன்மை மொழி சமஸ்கிருதமா தமிழா என்ற கேள்வி எழுந்தது. சமஸ்கிருதத்துக்கே முதலிடம் என்ற கருத்து பலமாக இருந்தது. இந்த நாட்டு இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழர்கள், தமிழுக்கே இடம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி எழுதினார், கூட்டம் போட்டார். சும்மா கேட்டால் போதாது என்று 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதியும் திரட்டினார். பல்கலைக்கழகத்தில் தமிழ் நூல்கள் சேர வேண்டும் என்பதற்காக எழுந்த நிதி அது. அன்றாடக் கூலிக்காரர்கள்கூடத் தங்களால் இயன்றதைப் போட்டார்கள்.

துறை 1956இல் சிங்கப்பூரில் தொடங்கியது. 1959இல் கோலாலம்பூருக்கு வந்தது. தமிழ் அதன் முதன்மை மொழியானது. 1961இல் யாழ்ப்பாணத்துத் தனிநாயக அடிகள் துறைக்கு வந்து 1969 வரை இருந்தார். 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமையக் காரணமானவர்களில் முன்னணியில் நின்றவர் அவர். அந்த மன்றத்தின் முதல் மாநாடு சென்னையில் நடக்கவில்லை, மதுரையிலும் நடக்கவில்லை. 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்தது. துங்கு தொடங்கிவைத்தார். ஒரு தமிழ்ப் பிள்ளை அந்தத் துறைக்குள் நுழையும்போது இது தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். தன் பாட்டன் பாட்டியைப் போன்றவர்கள் கொடுத்த காசில் நிமிர்ந்த இடம் அது. கூனிக்குறுகிப் போக வேண்டியதில்லை.

அங்க தமிழ் படிச்சா வேலை கிடைக்குமா டீச்சர்?

கிடைக்கும், ஆனால் பட்டத்தை மட்டும் நம்பி உட்கார்ந்தால் கிடைக்காது. இந்திய ஆய்வியலில் படித்தவர்கள் ஆசிரியர்களாக, வானொலி தொலைக்காட்சிச் செய்தியாளர்களாக, அரசு அதிகாரிகளாக, வங்கி ஊழியர்களாக இருக்கிறார்கள். துறையில் மொழி, இலக்கியம் மட்டும் இல்லை. இந்தியர்களின் வரலாறு, சமூகம், பண்பாடு எல்லாம் உண்டு. மலாயும் ஆங்கிலமும் சேர்த்து மூன்று மொழியில் நன்றாக எழுதத் தெரிந்தவருக்கு இந்த நாட்டில் வேலை இருக்கிறது.

மொழியியல் பக்கம் விருப்பம் இருந்தால், மொழிகள், மொழியியல் புலத்தில் தமிழுக்குத் தனிப் பட்டப்படிப்பு உள்ளது. தமிழ்ப்பள்ளி ஆசிரியராகத்தான் வேண்டும் என்றால் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தையும், தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அது நேர்வழி.

எஸ்பிஎம் முடிச்ச கையோட நேரா யூஎம்முக்குப் போகலாமா?

பட்டப்படிப்புக்கு நேராகப் போக முடியாது. இடையில் ஒரு படி இருக்கிறது: படிவம் ஆறு படித்து எஸ்டிபிஎம், அல்லது மெட்ரிகுலேசன் என்னும் அரசு முன்பட்டப் படிப்பு, அல்லது டிப்ளோமா போன்ற அங்கீகரிக்கப்பட்ட வேறு தகுதி. அப்புறம்தான் யூபியு.

எஸ்பிஎம்மில் மலாய்மொழியில் கிரெடிட்டும் வரலாற்றில் தேர்ச்சியும் கட்டாயம். மற்ற பாடங்களில் எத்தனை ஏ எடுத்தாலும் இந்த இரண்டில் கோட்டைவிட்டால் அரசுப் பல்கலைக்கழகக் கதவு மூடிக்கொள்ளும். நல்ல மாணவர்களே வரலாற்றை அலட்சியம் செய்து மாட்டிக்கொள்வதைப் பார்க்கும்போது மனசு வேதனைப்படுகிறது. நான்காம் படிவத்திலேயே இதைப் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.

மெட்ரிகுலேசனா, ஃபார்ம் சிக்ஸா? எதுல போடுறது?

மெட்ரிகுலேசன் பெரும்பாலும் ஒரு வருடம். அரசு விடுதியில் தங்கிப் படிக்கலாம். நமக்குப் பக்கத்தில் கோப்பெங்கில் ஒரு கல்லூரி உள்ளது. வேகமாக ஓடும் பாடத்திட்டம். இடத்துக்குத்தான் போட்டி: 90 விழுக்காடு மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்ராக்களுக்கு, 10 விழுக்காடு மற்றவர்களுக்கு என்ற பங்கீடு. 2024இல், எஸ்பிஎம்மில் 10ஏ அல்லது அதற்கு மேல் எடுத்த எல்லா இனப் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு என்று அரசு அறிவித்தது.

எஸ்டிபிஎம் மூன்று பருவம், ஒன்றரை வருடம். கடினமானது என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். கடினம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பருவத்தில் சறுக்கினால் திரும்ப எழுத வழி இருக்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் அதை ஏற்கின்றன. வீட்டிலிருந்தே போய் வரலாம், செலவு மிகக் குறைவு. தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம்.

மெட்ரிகுலேசன் கிடைத்தால் போங்கள். கிடைக்காவிட்டால் கடன் வாங்கித் தனியார் கல்லூரிக்கு ஓடாதீர்கள்; படிவம் ஆறில் சேருங்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்த நாட்டில் திறந்திருக்கும் மிக நேர்மையான வாசல் எஸ்டிபிஎம் என்பது என் உறுதியான எண்ணம். சேர்ந்த பிறகு முதல் பருவத்திலேயே மூவெட் ஆங்கிலத் தேர்வையும் மனத்தில் வையுங்கள். பல்கலைக்கழக நுழைவுக்கு அது தேவை. கடைசி நேரத்தில் பார்க்கலாம் என்று விட்டவர்கள் திண்டாடுகிறார்கள்.

4.00 எடுத்தும் கேட்ட கோர்ஸ் கிடைக்கலையே, எப்படி?

யூபியு மெரிட் கணக்கில் 90 விழுக்காடு தேர்வு மதிப்பெண், 10 விழுக்காடு புறப்பாடம். 4.00 என்ற முழுப் புள்ளி எடுத்தவர்கள் நாடு முழுக்க நிறைய இருக்கிறார்கள். அங்கே அந்தப் பத்துதான் வரிசையை மாற்றுகிறது. சாரணர், திடல்தடம், பேச்சுப் போட்டி எதுவானாலும் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். மருத்துவம் போன்ற படிப்புகளுக்கு நேர்காணலும் உண்டு. பல பிள்ளைகள் எல்லாம் தெரிந்தும் வாய் திறக்காமல் வருகிறார்கள். வீட்டில் மலாயிலும் ஆங்கிலத்திலும் பேசிப் பழக்குங்கள்.

கோட்டா இருக்கும்போது நாம போட்டு என்ன பிரயோஜனம்?

இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பல்கலைக்கழக நுழைவில் இன ஒதுக்கீடு பல ஆண்டுகள் இருந்தது. 2002இல் அதை எடுத்து மெரிட் முறை கொண்டுவந்தார்கள். ஆனால் மேலே சொன்ன மெட்ரிகுலேசன் பங்கீடு அப்படியே நிற்கிறது. ஒன்றரை வருட எஸ்டிபிஎம்மையும் ஒரு வருட மெட்ரிகுலேசனையும் ஒரே தராசில் வைப்பது சரியா என்ற விவாதமும் ஓயவில்லை. இதைப் பற்றி நாம் பேச வேண்டும், எழுத வேண்டும், நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டும்.

விண்ணப்பமே போடாமல் இருப்பது மட்டும் கூடாது. நாம் போடாத இடம் யாருக்கோ போய்விடும். பிறகு தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை என்று சொல்வார்கள்.

காசு கட்டி வேற வழியில போகலாமாமே?

'சாத்து' என்று ஒரு திறந்த வழி யூஎம்மில் உண்டு. யூபியு வழியாகப் போகாமல் நேரடியாக விண்ணப்பிப்பது. ஆனால் அரசு மானியம் இல்லாத முழுக் கட்டணம்; மருத்துவம் போன்ற படிப்புகளில் அது லட்சங்களில் போகும். வீட்டை அடகு வைத்து அந்த வழியில் போக வேண்டாம். இடம் வாங்கித் தருகிறேன் என்று இடைத்தரகர் யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். அப்படி ஒரு வழியே கிடையாது.

சாதாரணமா போனா எவ்வளவு செலவாகும்? எங்களால முடியுமா?

யூபியு வழியாகப் போனால் கட்டணத்தின் பெரும்பகுதியை அரசே ஏற்கிறது. தனியார் கல்லூரியோடு ஒப்பிடவே முடியாது. முதல் பதிவின்போது கட்டணம், விடுதி முன்பணம், மெத்தை வாளி என்று ஒரே நேரத்தில் கை கடிக்கும். அதற்கு மட்டும் முன்கூட்டியே சேர்த்து வையுங்கள். பிறகு பிடிபிடிஎன் கல்விக் கடன் வரும். முதல் வகுப்பில் தேறினால் நிபந்தனைக்கு உட்பட்டு அந்தக் கடனைக் கட்ட வேண்டியதில்லை. பொதுச்சேவைத் துறை உதவிச்சம்பளம், ம.இ.கா.வின் கல்வி அமைப்பான எம்ஐஇடி தரும் கடன் ஆகியவற்றையும் விசாரியுங்கள்.

முதலாமாண்டில் பெரும்பாலும் வளாக விடுதி கிடைக்கும். அங்கே விடுதிகளைக் கல்லூரி என்பார்கள், எண் போட்டே அழைப்பார்கள். எட்டாவது என்றால் கினபாலு, பதினொன்றாவது என்றால் உங்கு அசிஸ்.

யார் அந்த உங்கு அசிஸ்?

1968 முதல் 1988 வரை துணைவேந்தர். மலேசியரில் முதல் ஆள். பொருளாதாரப் பேராசிரியர். கிராமத்து வறுமையை அளக்க, ஒரு வீட்டில் தலைக்கு எத்தனை சாரோங் (கைலி) இருக்கிறது என்று எண்ணலாம் என்றவர். ஏழையின் வீட்டுக்குள் போய்ப் பார்த்தவருக்குத்தான் அப்படி ஓர் அளவுகோல் தோன்றும்.

எம் பொண்ணு தமிழ்ப்பள்ளியில படிச்சவ. மலாய்லயா இங்கிலீஷ்லயா பாடம்?

இரண்டும் கலந்து. பல்கலைக்கழகம் ஆங்கிலத்தில் தொடங்கி, 1970களிலிருந்து படிப்படியாக மலாய்க்கு மாறியது. இன்று அறிவியல், மருத்துவப் பக்கம் ஆங்கிலம் அதிகம். கலைப் பக்கம் மலாய் அதிகம். முதல் பருவத்தில் திணறுவார்கள், பிறகு பழகிவிடும்.

ஆண்டுக்கு இரண்டு பருவம். பெரும்பாலான பட்டங்கள் மூன்றரை, நான்கு ஆண்டுகள், மருத்துவம் ஐந்து. சொந்தத் துறைப் பாடம் தவிர எல்லாரும் எடுக்க வேண்டிய பொதுப் பாடங்களும் உண்டு. பள்ளியில் போல யாரும் பின்னால் நின்று விரட்ட மாட்டார்கள். இது நம் பிள்ளைகளுக்கு மொழியைவிடப் பெரிய சிக்கல். தமிழ்ப் பேரவை என்ற மாணவர் அமைப்பு அங்கே பல காலமாக இயங்குகிறது. சேர்ந்த வாரமே அதில் போய்ச் சேரச் சொல்லுங்கள், மூத்த மாணவர்கள் கைகொடுப்பார்கள்.

அங்க போனா பிள்ளை அரசியல், ஆர்ப்பாட்டம்னு கெட்டுப்போகாதா?

1974இல் ரப்பர் விலை விழுந்து கெடாவில் பாலிங் பகுதி விவசாயக் குடும்பங்கள் பட்டினியில் வாடியபோது, கோலாலம்பூரில் தெருவில் இறங்கியவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். யூஎம்மில் படித்த இளைஞர் அன்வார் இப்ராகிமும் தடுத்துவைக்கப்பட்டார். இன்று அவர் பிரதமர். பால்மரத்தை நம்பி வாழ்ந்த நாம் அந்த மாணவர்களைக் கெட்டுப்போனவர்கள் என்று சொல்லலாமா?

அதன் பிறகு 1975இல் ஆவ்கூ எனப்படும் பல்கலைக்கழகச் சட்டத்தைக் கடுமையாக்கி மாணவர்களை அரசியலிலிருந்து விலக்கினார்கள். 2012க்குப் பிறகு தளர்த்தி, கட்சியில் சேரவும் வளாகத்தில் அரசியல் பேசவும் இப்போது இடம் உண்டு. படிப்பைக் கவனித்துக்கொண்டே நாட்டு நடப்பும் பேசும் பிள்ளையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

உலக ரேங்க்ல 60ங்கிறாங்க. அதனால நமக்கு என்ன?

கியூஎஸ் தரவரிசையில் 2025ஆம் ஆண்டுக்கு 60ஆவது இடம், நாட்டில் முதலிடம். சான்றிதழுக்கு வெளியே மதிப்பு உண்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ரேங்கைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. 1998இல் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் ஒரு மூளைக்காய்ச்சல் தொடங்கி நெகிரி செம்பிலான் வரை பரவியது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். முதலில் அதைக் கொசுவால் வரும் காய்ச்சல் என்றே நினைத்தார்கள். 1999 மார்ச்சில் யூஎம் மருத்துவப் புல ஆய்வுக்கூடத்தில்தான் அது புதிய கிருமி என்று கண்டுபிடித்தார்கள். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் நிப்பா வைரஸ் என்று உலகமே அதை அழைக்கிறது. நம் மாநிலத்தில் தொடங்கிய நோய்க்கு நம் நாட்டுப் பல்கலைக்கழகமே விடை கண்டது.

எல்லாம் செஞ்சும் கிடைக்கலைன்னா?

உடனே மேல்முறையீடு செய்யுங்கள். அதற்குச் சில நாள்கள்தாம் அவகாசம். தோட்டத்தில் இணையம் வரவில்லை என்று காத்திருக்காமல் அன்றே டவுனுக்கு வந்துவிடுங்கள். வேறு பல்கலைக்கழகத்தில் நல்ல படிப்பு கிடைத்திருந்தால் அதை ஏற்றுக்கொண்டே மேல்முறையீடு செய்ய முடியுமா என்பதை அந்த ஆண்டு விதியில் பாருங்கள். பினாங்கில் யூஎஸ்எம் இருக்கிறது, செர்டாங்கில் யூபிஎம் இருக்கிறது. முதுகலைக்கு யூஎம் போகலாம். அந்த விண்ணப்பம் யூபியு வழியாக அல்ல, நேராகப் பல்கலைக்கழகத்துக்கே. விண்ணப்பத்துக்கு வரும்போது அடையாள அட்டை, எஸ்பிஎம் முடிவு, புறப்பாடச் சான்றிதழ், பெற்றோரின் வருமானச் சீட்டு நான்கையும் கொண்டுவாருங்கள். கடவுச்சொல்லை நோட்டில் எழுதி வையுங்கள்.